ஸ்பீக்கர் பேட்டன்ட்டை பிரையர் ஆர்ட் வச்சு எதிர்க்கறது எப்படி

அமெரிக்கால ஒரு ஸ்பீக்கர் டிசைனுக்கு பேட்டன்ட் குடுத்திருக்காங்க, படிச்சுப் பாத்தா இது எத்தனையோ வருஷமா எல்லாரும் பண்றது தானேன்னு தோணுது, அப்ப என்ன பண்ணலாம்னு தான் எழுதறேன். தோணினா மட்டும் பத்தாது. அந்த பேட்டன்ட் தேதிக்கு முன்னாடியே அதே விஷயம் வெளிய வந்தாச்சுன்னு ஆதாரத்தோட காட்டணும், அந்த ஆதாரத்துக்குப் பேர் தான் பிரையர் ஆர்ட்.

இதுக்கு ஸ்பீக்கர் உலகத்துலயே ஒரு அருமையான கேஸ் இருக்கு. 1954ல எட்கர் வில்ச்சர்ங்கற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் அக்கூஸ்டிக் சஸ்பென்ஷன் ஸ்பீக்கருக்கு பேட்டன்ட் கேட்டார், 1956 டிசம்பர்ல கிடைச்சுது, நம்பர் 2,775,309. காத்துப் போகாத மாதிரி மூடின பெட்டி, கோனோட (ஆடி சத்தம் எழுப்பற பாகம்) சொந்த சஸ்பென்ஷன் (அதைத் தாங்கிப் பிடிக்கற அமைப்பு) ரொம்ப தளர்வா இருக்கும், பெட்டிக்குள்ள அடைபட்ட காத்து தான் ஸ்பிரிங் மாதிரி கோனைத் திருப்பித் தள்ளும். அதனால தான் சின்னப் பெட்டிலேருந்து அவ்வளவு கீழ இறங்கற பேஸ் வந்துச்சு. எலக்ட்ரோ-வாய்ஸ் கம்பெனி இந்த பேட்டன்ட்டை எதிர்த்துச்சு, கோர்ட்ல பேட்டன்ட் செல்லாம போச்சு. காரணம் ஆர்சிஏங்கற அமெரிக்க வானொலி கம்பெனில இருந்த ஹாரி ஓல்சன் 1949லயே வாங்கியிருந்த 2,490,466ங்கற பேட்டன்ட்.

நான் இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஓல்சனோட பேட்டன்ட் தலைப்பைப் பாருங்க, டயாஃப்ரத்தை, அதாவது கோனைத் தாங்கிப் பிடிக்கற அமைப்புன்னு தான் போட்டிருக்கும், அக்கூஸ்டிக் சஸ்பென்ஷன்னு அதுல வராது. பேரை வச்சுத் தேடினவனுக்கு அது கிடைச்சிருக்கவே கிடைக்காது. வேலை செய்யற விதத்தை வச்சுத் தேடினவனுக்குத் தான் கிடைக்கும். தேடும்போது இதை மட்டும் மறக்காதீங்க.

சரி, வேலைக்கு வருவோம். பேட்டன்ட்டை எடுத்ததும் படத்தையும் சுருக்கத்தையும் பாத்து கோவப்படாதீங்க, நேரா கடைசில இருக்கற கிளெய்ம்ஸுக்குப் போங்க, உரிமை அங்க எழுதினதுக்கு மட்டும் தான். வேற எந்தக் கிளெய்மையும் சார்ந்திருக்காத கிளெய்மை எடுத்து துண்டு துண்டா உடைங்க. உதாரணத்துக்கு ஒரு கிளெய்ம் இப்படி இருக்குன்னு வைங்க: மூடின பெட்டி, அதுல ஒரு டிரைவர் (கரண்ட்ல ஆடற ஸ்பீக்கர் பாகம்), பெட்டியோட எதிரெதிர் சுவர்கள்ல ரெண்டு பாசிவ் ரேடியேட்டர் (காயில் இல்லாம காத்தழுத்தத்துல மட்டும் ஆடற கோன்), ரெண்டுக்கும் ஒரே எடை. ஒரு பேப்பர்ல இடது பக்கம் இந்த நாலு துண்டையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதுங்க, வலது பக்கம் பழைய ஆதாரத்துல அது எந்தப் பக்கத்துல எந்த வரில எந்தப் படத்துல இருக்குன்னு எழுதுங்க. பெட்டி, டிரைவர், கூடவே ஒரு பாசிவ் ரேடியேட்டர், இதுக்கு ஓல்சனோட 1935 பேட்டன்ட் 1,988,250 இருக்கு. ஆனா ரெண்டு ரேடியேட்டர் எதிரெதிரா, ஒரே எடைல இருக்கணும்ங்கற கட்டங்களுக்கு எதிர்ல ஒண்ணுமில்லன்னா அந்த இடம் காலியா தான் நிக்கும். அந்தக் காலி இடம் தான் உங்க வேலை, மிச்சத்துக்கு இன்னும் பத்து ஆதாரம் சேத்தாலும் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

எல்லாத் துண்டும் ஒரே ஆதாரத்துல, கிளெய்ம்ல சொன்ன அதே அமைப்புல இருந்தா அது புதுசே இல்லன்னு அடிக்கலாம், சட்டத்துல செக்ஷன் 102. ரெண்டு மூணு ஆதாரத்தைச் சேத்தா தான் வருதுன்னா செக்ஷன் 103, இந்தத் துறைல சாதாரணத் திறமை இருக்கறவனுக்கே இது தோணியிருக்கும்னு காட்டணும். இங்க தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா மட்டும் போதாது, ஏன் சேப்பான்னு காரணம் சொல்லணும். மேல சொன்னதுல காரணம் இருக்கு, ஒரு பக்கமா மட்டும் கனமான கோன் ஆடினா பெட்டியே ஆடும், எதிர்ல அதே எடைல இன்னொண்ணு வச்சா ரெண்டு விசையும் ஒண்ணை ஒண்ணு ரத்து பண்ணிரும். இதைச் சொல்ற பழைய கட்டுரை ஒண்ணு கையில இருந்தா கேஸ் நல்லா நிக்கும்.

அடுத்தது தேதி. கவர்ல இருக்கற கிராண்ட் தேதியைப் (பேட்டன்ட் குடுத்த நாள்) பாக்காதீங்க, பிரையாரிட்டி தேதியைப் (முதல் அப்ளிகேஷன் போட்ட நாள்) பாருங்க, அது சில சமயம் பல வருஷம் பின்னாடி போகும். 2013 மார்ச் 16க்கு முன்னாடி போட்ட அப்ளிகேஷனுக்கு ரூல் வேற, பின்னாடி போட்டதுக்கு வேற, அதனால இதை முதல்லயே குறிச்சு வச்சுக்கோங்க. அப்ளிகேஷன் போடறதுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள கண்டுபிடிச்சவரே வெளியிட்டது அவருக்கு எதிரா நிக்காது, அதையும் கழிச்சிருங்க.

தேடற இடம்னு பாத்தா கூகுள் பேட்டன்ட்ஸ்ல ஸ்பீக்கர், மைக் மாதிரியானதுக்கான எச்04ஆர் (H04R) வகைப்பாடு, பெட்டி சம்பந்தப்பட்டதுக்கு அதுல 1/28. அதோட நிக்காதீங்க. ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி ஜர்னல் 1953லேருந்து இருக்கு, பெல் லேப்ஸோட பழைய ஜர்னல் இருக்கு, வானொலி காலத்துப் பத்திரிகைகள் இருக்கு. நெவில் தீல் வென்ட் (காத்து போய் வர்ற துளை) வச்ச பெட்டியைப் பத்தி எழுதின கட்டுரை 1961ல ஆஸ்திரேலியால வந்துச்சு, அமெரிக்க ஜர்னல்ல மறுபடி அச்சானது 1971ல தான். பத்து வருஷம் பெரும்பாலானவங்க கண்டுக்காம இருந்தாலும் சட்டத்துக்கு அது 1961 ஆதாரம் தான். யாரும் படிக்கலங்கறது ஒரு பொருட்டே இல்ல, தேடினா கிடைக்கற மாதிரி இருந்துச்சாங்கறது தான் கேள்வி. 1986ல ஹால் கேஸ்ல ஜெர்மனி ஃப்ரைபர்க் யுனிவர்சிட்டி லைப்ரரில கேட்டலாக் போட்டு வச்சிருந்த ஒரே ஒரு தீசிஸே போதும்னு தீர்ப்பு வந்துச்சு.

பழைய ஸ்பீக்கரே கையில இருக்குன்னு சந்தோஷப்படறவங்களுக்கு ஒண்ணு. பேட்டன்ட் ஆபீஸ்ல போடற ஐபிஆர் (கிராண்ட் ஆன பேட்டன்ட்டை அங்கயே எதிர்த்து வாதாடறது), ரீஎக்ஸாமினேஷன் (மறுபடி பரிசோதிக்கச் சொல்லிக் கேக்கறது) ரெண்டுக்கும் பழைய பேட்டன்ட்டும் அச்சான வெளியீடும் தான் செல்லும், ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போக முடியாது, அது கோர்ட்டுக்குத் தான். ஆனா அதே ஸ்பீக்கரோட பிரோஷர், சர்வீஸ் மேனுவல், பத்திரிகை ரிவ்யூ எல்லாம் வெளியீடு தான், எந்தத் தேதில மக்கள் கைக்குப் போச்சுன்னு நிரூபிக்கணும், அவ்வளவு தான். அதனால பிரோஷரை ஸ்கேன் பண்ணும்போது பின் அட்டைல மூலைல பொடி எழுத்துல இருக்கற அச்சு மாசம் வருஷத்தையும் சேத்து எடுங்க, லைப்ரரி முத்திரை இருந்தா அதை வெட்டிராதீங்க. வெப்சைட்டா இருந்தா இன்டர்நெட் ஆர்கைவ்கிட்ட அஃபிடவிட் வாங்கலாம்.

நம்பர் டி-ல ஆரம்பிச்சா அது தோற்றத்துக்கான டிசைன் பேட்டன்ட், மேல சொன்ன துண்டு துண்டா உடைக்கற வேலை அதுக்கு ஒத்து வராது. மொத்தத் தோற்றமும் ஒத்துப் போற பழைய கேட்டலாக் ஃபோட்டோ தான் வேணும். 2024ல எல்கேக்யூ கேஸ்ல, ரெண்டு பழைய டிசைனைச் சேத்துக் காட்டறதுக்கு இருந்த இறுக்கமான டெஸ்ட்டை பேட்டன்ட் அப்பீல் கோர்ட்டான ஃபெடரல் சர்க்யூட் எடுத்துட்டுது, அதனால முன்னைக்கு இப்ப வழி கொஞ்சம் திறந்திருக்கு.

எங்க குடுக்கறது? அப்ளிகேஷன் இன்னும் கிராண்ட் ஆகலன்னா தேர்ட் பார்ட்டி சப்மிஷன் (சம்பந்தமில்லாத ஆள் ஆதாரத்தை பேட்டன்ட் ஆபீஸுக்கு அனுப்பறது) தான் பெஸ்ட், முதல் தடவை மூணு டாக்குமென்ட் வரைக்கும் ஃபீஸே கிடையாது, ஆனா அப்ளிகேஷன் வெளியாகி ஆறு மாசம் இல்ல முதல் ரிஜெக்ஷன், எது பின்னாடி வருதோ அதுக்குள்ள, அலவன்ஸ் நோட்டீஸ் (பேட்டன்ட் குடுக்கலாம்னு சொல்ற கடிதம்) போறதுக்கு முன்னாடி போடணும். கிராண்ட் ஆயிட்டா ஐபிஆர் பலமானது, ஆனா அரசு ஃபீஸ் மட்டுமே 40,000 டாலருக்கு மேல, வக்கீல் தனி. உங்க மேல கேஸ் போட்டிருந்தா சம்மன் வந்த நாள்லேருந்து ஒரு வருஷம் தான் டைம், அதைத் தவற விட்டா ஐபிஆர் கதவு மூடிடும். தனி ஆளுங்களுக்கு எக்ஸ் பார்ட்டே ரீஎக்ஸாம், அதாவது மேல சொன்ன ரீஎக்ஸாமினேஷன், இதை விட சல்லிசு. அதுக்கும் காசில்லன்னா செக்ஷன் 301ல ஆதாரத்தை பேட்டன்ட் ஃபைல்லயே சேக்கச் சொல்லலாம், யார் வேணா போடலாம், பேரை ரகசியமா வைக்கச் சொல்லிக் கேக்கலாம்.

எதைப் போடறதுக்கு முன்னாடியும் பேட்டன்ட் ஆபீஸோட பேட்டன்ட் சென்டர் வெப்சைட்ல அந்த ஃபைலோட பழைய கடிதப் போக்குவரத்தை முழுசா படிங்க. நீங்க கண்டுபிடிச்ச அதே ஓல்சன் பேட்டன்ட்டை பேட்டன்ட் ஆபீஸ் எக்ஸாமினர் ஏற்கனவே பாத்திருந்தா, அதைத் தாண்டறதுக்கு பேட்டன்ட் கேட்டவங்க என்ன பதில் சொன்னாங்களோ அந்த வரி தான் உங்களுக்கு முக்கியம், ஏன்னா அந்த ஒரு வரில எதைப் புதுசுன்னு சொன்னாங்களோ அதுக்கு மட்டும் ஆதாரம் தேடினா போதும்.