பழைய எம்எக்ஸ்-5 காரின் ஹேண்ட்பிரேக்: கேபிளை முறுக்குவதற்கு முன்

காலையில் கல் மாதிரி பிடிக்கிறது. மாலையில் அதே இடத்தில், அதே அளவு இழுத்தும் கார் மெல்ல நழுவுகிறது. அப்புறம் ஒரு வாரம் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரேயடியாகக் கெட்டுப்போன ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்வது சுலபம். இப்படி வந்து வந்து போகிற கோளாறில்தான் காசும் நேரமும் வீணாகின்றன. மெக்கானிக்கிடம் கொண்டு போகிற நாளில் அது ஒளிந்துகொள்ளும். பிடிக்கிறதே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றார்கள். முகப்பு விளக்குகள் மேலெழுந்து வரும் முதல் தலைமுறை 1997 வரை வந்தது. நிலையான விளக்குகள் கொண்ட இரண்டாம் தலைமுறை 2005 வரை. இந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்திருப்பது முதல் தலைமுறையின் 1.8 லிட்டர் கார். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில், நிறுத்தினால் ஏதாவது ஒரு பக்கம் சரிவாகவே இருக்கும் தெருவில் அது நிற்கிறது.

முதலில் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நெம்புகோலை இழுத்தால் கேபிள் பின்சக்கரங்களை நோக்கி இழுபடும். ஒவ்வொரு பின்சக்கரத்திலும் உள்ள பிரேக் கவ்வியான காலிப்பரின் முதுகில் ஒரு சிறிய இரும்புக் கை இருக்கிறது. கேபிள் அதைத் திருப்பும். அது உள்ளே பிஸ்டனைத் தள்ளும். உராய்வுத் தகடுகளான பேடுகள், சக்கரத்தோடு சுழலும் வட்டான டிஸ்க்கைக் கவ்வும். விட்டவுடன் ஒரு சுருள்வில் அந்தக் கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். காலால் மிதிக்கும் பிரேக்கும் ஹேண்ட்பிரேக்கும் அதே பேடுகளைத்தான் பயன்படுத்துகின்றன. போர்ஷே பாக்ஸ்டர் போன்ற கார்களில் ஹேண்ட்பிரேக்குக்கென்று டிஸ்க்கின் நடுவே தனியாகச் சின்ன டிரம் இருக்கும். அங்கே தேட வேண்டிய இடம் வேறு.

இந்த வரிசையில் கோளாறு பெரும்பாலும் சக்கரத்தின் பக்கம்தான் பிறக்கிறது. தண்ணீரும் பனிக்கால உப்பும் அங்கேதான் படுகின்றன. ஆனால் நம் கை முதலில் போவது நெம்புகோலின் பக்கம், ஏனென்றால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டுகிற திருகு அங்கே இருக்கிறது.

கேபிளை முதலில் இறுக்குவது

பெருந்தவறு இதுதான். பிடிக்கவில்லை என்றதும் நெம்புகோலின் அடியில் உள்ள திருகை இரண்டு சுற்று முறுக்குகிறார்கள். அன்றைக்குப் பிடிக்கும். ஆனால் நெம்புகோலை முழுக்க இறக்கிய பிறகும் கேபிள் காலிப்பரின் கையை லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். கை தன் ஓய்வு நிலைக்குத் திரும்பாது. பேடு டிஸ்க்கில் உரசும், சூடாகும், தேயும். தேய்ந்ததும் மறுபடி பிடிப்பு குறையும், மறுபடி முறுக்குவார்கள்.

என் காரிலும் இதுதான் நடந்தது. நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து நிறுத்தினால், சில நாட்கள் அரை மணி நேரம் கழித்து ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேபிளை இறுக்கிக் கொடுத்தார்கள். ஆண்டுச் சோதனையான எம்ஓடியிலும் கார் தேறியது. இரண்டு வாரம் கழித்து இடது பின்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது இடது காலிப்பரின் கை பாதி வழியில் சிக்கி நின்றது. சிக்கலே அங்கேதான். இறுக்கிய கேபிள் அதைச் சில நாட்கள் மறைத்துவைத்ததுதான் மிச்சம்.

எம்ஓடி தேறியதைச் சான்றாக எடுத்துக்கொள்வதும் அதே தவறின் நீட்சி. அந்தச் சோதனையில் இந்த வகைக் கார்களின் ஹேண்ட்பிரேக்குக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சத் திறன் 16 சதவீதம். உருளைகள்மேல் சில நொடிகள் அளந்து பார்த்த எண் அது. சூட்டிலும் குளிரிலும் சரிவிலும் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது.

ஆகவே எதையும் திருகுவதற்கு முன் இரண்டு வாரம் குறித்துவையுங்கள். எப்போது நழுவியது, ஓட்டி வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று, மழையா, உறைபனியா, கார் மேட்டைப் பார்த்து நின்றதா பள்ளத்தைப் பார்த்து நின்றதா, நெம்புகோல் எத்தனை ‘கிளிக்’ வந்தது. அந்த நாட்களில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல், கியரிலும் போட்டு, பள்ளத்தைப் பார்த்து நின்றால் முன்சக்கரத்தை நடைபாதை விளிம்பை நோக்கியும், மேட்டைப் பார்த்து நின்றால் விளிம்பிலிருந்து விலக்கியும் திருப்பி நிறுத்துங்கள். இந்தக் குறிப்பு ஒரு புதிய கேபிளைவிட அதிகப் பயன் தரும். ஒருமுறை திருகைத் தொட்டுவிட்டால் தடயம் கலைந்துவிடும். பழைய நிலையில் என்ன நடந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

குறிப்பை வைத்துப் பாருங்கள். சூடாக நிறுத்தி, ஆறிய பிறகு நழுவினால், வெப்பத்தில் விரிந்திருந்த டிஸ்க்கும் பேடும் சுருங்கி இறுக்கம் தளர்ந்திருக்கிறது. பின் டிஸ்க்கையே ஹேண்ட்பிரேக்குக்கும் பயன்படுத்தும் கார்களின் இயல்பு இது. காலிப்பர் சரியாக அமைந்திருந்தால் சற்று அழுத்தி இழுத்தாலே ஈடுகட்டிவிடும். அமைப்பு தளர்ந்திருந்தால்தான் கார் நகரும். உறைபனிக் காலையில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, மதியம் சரியாகிவிட்டால், கேபிள் உறைக்குள் தண்ணீர் புகுந்து உறைகிறது. மதியம் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் எப்போதாவது சூடேறினால், அந்தப் பக்கக் காலிப்பரின் கையோ, காலிப்பர் வழுக்கி நகரும் ‘பின்’ என்ற இரும்புக் கம்பிகளோ சிக்குகின்றன. இதைக் கண்டுபிடிக்க, தொடாமல் வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி நல்ல துணை. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து நிமிடம் ஓட்டி, இரண்டு பின் டிஸ்க்கையும் அளந்து ஒப்பிடுங்கள். விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பின்பக்கத்தைத் தூக்கும்போது

இதில் உயிரே போகலாம் என்பதால் அழுத்தியே சொல்கிறேன். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. கார் பின்சக்கர இயக்கம் என்பதால் கியரும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய கணத்தில் இரண்டுமே பயனற்றுப் போகின்றன. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கைத் தொடாதீர்கள். சமதளத்தில் மட்டும் செய்யுங்கள். ஜாக்கை நம்பி அடியில் போகக் கூடாது. காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்களான ஆக்ஸில் ஸ்டாண்ட் வேண்டும்.

தூக்கினால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே தூக்குங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, நெம்புகோலை ஒவ்வொரு ‘கிளிக்’காக இழுத்து, ஒவ்வொரு முறையும் இரு சக்கரங்களையும் கையால் சுழற்றிப் பாருங்கள். ஒன்று மூன்றில் இறுகி, மற்றது ஏழில்தான் இறுகுகிறது என்றால், பாதிப் பிடிப்பில்தான் கார் நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் மற்றதும் சுற்றுவது, இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலின் வேலை. அதைக் கோளாறென்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காலிப்பரைப் பார்க்காமலே பாகம் வாங்குவது

அடுத்து கேபிளைக் காலிப்பரின் கையிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது சந்தேகம் இரண்டாகப் பிரிந்துவிடும். கையை நீங்களே திருப்பி விடுங்கள். சட்டென்று தன் இடத்துக்குத் திரும்பினால் காலிப்பரின் அந்தப் பகுதி நலம். மந்தமாகத் திரும்பினால் அதன் தண்டுக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடித்திருக்கிறது. கேபிளின் நுனியைப் பிடித்து இழுத்து, இன்னொருவரை நெம்புகோலை இயக்கச் சொன்னால் கேபிளின் நிலையும் தெரிந்துவிடும்.

துருப்பிடித்த கைக்குக் கூடுதலாக ஒரு வலுவான ஸ்பிரிங் மாட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும், ஒருநாள் அந்த ஸ்பிரிங்கும் தோற்கும். காலிப்பரைப் பிரித்துப் புதுப்பிப்பதோ, புதுப்பித்ததை வாங்கி மாட்டுவதோதான் வழி. கேபிள் உறைக்குள் எண்ணெய் பீய்ச்சுவதும் அப்படித்தான். சில நாட்கள் வழுக்கும், உள்ளே உள்ள துரு போகாது.

பேடுகளைக் கழற்றும்போது உள்பேடையும் வெளிப்பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர வேண்டிய ‘பின்’ கம்பிகள் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். சுத்தம் செய்து பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவினாலே பல நேரம் தீர்ந்துவிடும். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் உறைகளை உப்பவைக்கும். ஒரு மாதத்தில் அந்தக் கம்பி மறுபடி சிக்கும். டிஸ்க்கின் உள்முகத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வாரக் கடைசியில் மட்டும் ஓடும் கார்களில் வெளிமுகம் பளபளக்க, உள்முகம் துருவால் மூடியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

புதுப் பேடு போடும்போது பிஸ்டனை, திருகி இறுக்கும் பிடியான ஜி-கிளாம்பு வைத்து அமுக்கி உள்ளே தள்ளுவது இந்தக் காலிப்பரைக் கெடுக்கும் வழி. முன்சக்கரத்தில் சரி, பின்னால் கூடாது. காலிப்பரின் முதுகில் 14 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் ஒரு போல்ட் மூடிபோல இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் திருகு தெரியும். இடப்பக்கமாகத் திருப்பினால் பிஸ்டன் பின்வாங்கும், வலப்பக்கமாகத் திருப்பினால் முன்னே வரும்.

அமைக்கும் முறை இது. நெம்புகோலின் அடியில் கேபிளை நன்றாகத் தளர்த்துங்கள். காலிப்பர்களின் கைகள் இரண்டும் ஓய்வு நிலைக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். ஆலன் கீயை, சக்கரம் சுழலாமல் இறுகும் வரை திருப்பி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று பின்னால் விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மூடி போல்ட்டைப் போட்டு, கால் பிரேக்கைச் சில முறை மிதியுங்கள். கேபிளின் முறை இப்போதுதான் வருகிறது. நெம்புகோல் 5 முதல் 7 ‘கிளிக்’குக்குள் நிற்கும்படி வையுங்கள். ஐந்துக்குக் கீழே கொண்டுவர ஆசைப்பட்டால் பேடு உரசத் தொடங்கும்.

மின்னி மின்னி மறையும் விளக்கு

ஹேண்ட்பிரேக் இறக்கியிருக்கும்போதே சிவப்பு விளக்கு அவ்வப்போது மின்னினால், நெம்புகோலின் சுவிட்சை மட்டும் சந்தேகிக்காதீர்கள். பிரேக் திரவம் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். வளைவிலோ பிரேக் மிதிக்கும்போதோ மட்டும் எரிந்தால், தொட்டியில் திரவம் ஆடி மிதவை இறங்குகிறது என்று பொருள். சுவிட்சின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் காரணம் தொட்டியில்.

திரவத்தை மட்டும் ஊற்றிவிட்டு விளக்கு அணைந்தது என்று விட்டுவிடக் கூடாது. பேடு தேயத் தேய பிஸ்டன் முன்னே வருவதால் தொட்டியில் மட்டம் இறங்கும். பேடு நன்றாக இருந்தும் இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்த நிலையில் ஹேண்ட்பிரேக்கை மறந்துவிட்டு, கசிவைக் கண்டுபிடிக்கும் வரை காரை எடுக்காதீர்கள்.

சரிசெய்த பிறகும் அந்தக் குறிப்பேட்டை இன்னும் இரண்டு வாரம் தொடருங்கள். குளிர்காலத்தில் காரை மூடிவைக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைக்க வேண்டாம். பேடு டிஸ்க்கோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த காலிப்பரின் கையும் மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்று மறுபடி இறுகும். கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெம்புகோலை நாலைந்து தடவை ஏற்றி இறக்கி வையுங்கள்.