வெளியில் தெரியாத குறைபாடுகள்: பல்கலைக்கழக வளாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குச் சாய்வுதளம் வேண்டும் என்பதை எவருக்கும் விளக்கத் தேவையில்லை. முதல் வகை நீரிழிவு, வலிப்பு நோய், குடல் அழற்சி, டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு, ஆட்டிசம், மனச்சோர்வு, ஒரு காதில் மட்டும் கேளாமை எனப் பார்த்தவுடன் தெரியாத குறைபாட்டோடு வகுப்பில் அமர்ந்திருப்பவருக்கோ எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், கணிசமான குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் எத்தனையோ பேர் நம்மைக் கடந்து போனாலும் நமக்கு அது தெரிவதில்லை. இத்தகைய மாணவர்களின் துன்பத்தில் ஒரு பகுதி உடலாலும் மனத்தாலும் வருவது. மற்றொரு பகுதி, அதை ஒவ்வொரு வாசலிலும் மெய்ப்பிக்க வேண்டியிருப்பதால் வருவது. இரண்டாவதை நிறுத்துவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

“பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்” என்பது ஆறுதலாகச் சொல்லப்படும் சொல்தான். கேட்பவர் காதில் அது “நீ சொல்வதை நான் நம்பவில்லை” என்றே விழுகிறது. நேற்று மாடிப்படி ஏறியவர் இன்று லிஃப்ட் முன் நிற்பதைப் பார்த்து ஐயப்படுவதும் இதே தவறுதான், ஏனெனில் பல நோய்களின் கடுமை நாளுக்கு நாள் மாறுகிறது. நாட்பட்ட சோர்வு நோயில், உழைப்பின் விளைவு பெரும்பாலும் உடனே தெரியாமல் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே உடலைச் சாய்க்கும். திங்கட்கிழமை ஆய்வகத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர் புதன்கிழமை படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடப்பது நடிப்பன்று. அந்த நோயின் இயல்பே அது.

எல்லாவற்றிலும் மோசமானது, ஒரே சான்றிதழைத் திரும்பத் திரும்பக் கேட்பது என்பேன். மாணவர் அதை உரிய அலுவலகத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். அங்கிருந்து ஆசிரியர்களுக்குச் செல்ல வேண்டியது நோயின் பெயரன்று, செய்து தர வேண்டிய ஏற்பாடு மட்டுமே. “இவருக்குக் கதவருகே இருக்கை வேண்டும், இடையில் எழுந்து செல்ல அனுமதி வேண்டும்” என்ற ஒரு வரி கிடைத்த பிறகு, குடலில் என்ன கோளாறு என்று ஆசிரியர் அறிய வேண்டிய தேவை எதுவும் இல்லை. அப்படியிருந்தும், அக்கறை என்ற பெயரில், மற்ற மாணவர்கள் கேட்கும்படி “உனக்கு என்ன பிரச்சினை?” என்று வினவுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த மாணவர் உதவியே கேட்கமாட்டார்.

தேர்வு அறையில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கூடுதல் நேரத்தைச் சலுகை என்று எண்ணுவது முதல் தவறு. டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு எழுத்துகளைப் படித்து முடிக்கவே அதிக நேரம் செல்கிறது. தேர்வு அளக்க வேண்டியது அவருடைய பாட அறிவையே தவிர வாசிப்பு வேகத்தையன்று. எல்லாருக்கும் ஒரே தீர்வாகக் கூடுதல் நேரத்தை மட்டும் கொடுப்பது அடுத்த தவறு. குடல் அழற்சி உள்ளவருக்கு வேண்டியது கழிப்பறைக்குச் சென்று திரும்பும் வரை கடிகாரத்தை நிறுத்தி வைப்பது; அறையை விட்டு வெளியேற அனுமதிக்காமல் கொடுக்கும் அரை மணி நேரத்தால் அவருக்குப் பயனில்லை. நீரிழிவு உள்ள மாணவரின் கைப்பேசியைக் கண்காணிப்பாளர் விதிப்படி வாங்கி வைத்துவிடுகிறார். உடலில் பொருத்தியுள்ள சர்க்கரை உணரி அந்தக் கைப்பேசிக்கே எச்சரிக்கை அனுப்புகிறது என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் விரைவில் செரிக்கும் சர்க்கரையை 15 கிராம் அளவு உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. குளுக்கோஸ் வில்லைகளும் கைப்பேசியும் மேசையில் இருக்கலாம் என்பதைத் தேர்வுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிட்டால் தேர்வறை வாசலில் வாக்குவாதம் எழாது.

சர்க்கரை மிகவும் குறைந்தவர் தடுமாறி நடப்பார், குழறிப் பேசுவார். குடித்திருக்கிறார் என்று கருதி அவரை வாயிலிலேயே நிறுத்தும் காவலாளி உயிரோடு விளையாடுகிறார். ஆகவே இந்தப் பயிற்சி ஆசிரியர்களுக்கு மட்டுமன்றிக் காவலர்களுக்கும் விடுதிப் பணியாளர்களுக்கும் வேண்டும். வலிப்பு வந்தவரை அழுத்திப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். சில வகை வலிப்பில் உடல் துடிப்பதே இல்லை. சில விநாடிகள் வெறித்த பார்வை மட்டுமே இருக்கும். அதைக் கவனமின்மை என்று ஆசிரியர் கடிந்துகொள்வதுண்டு.

வகுப்பறையில் “என் குரல் கடைசி வரிசை வரை எட்டும், மைக் வேண்டாம்” என்று சொல்வதும் தவறே. காது மந்தமானவர் அதை மறுக்க வேண்டுமானால் எல்லார் முன்னிலையிலும் தம் குறையை அறிவிக்க வேண்டும். நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன். அதை நினைக்கும்போது இன்றும் வருந்துகிறேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதும், முன்னறிவிப்பின்றி ஒருவரை எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்வதும், விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகளைத் திரையிடுவதும் எளிதில் விட்டுவிடக்கூடியவை. பாடக் குறிப்புகளை முன்னதாகவே எல்லாருக்கும் அனுப்பிவிட்டால், தேவைப்படுபவர் தனியே வந்து கேட்க வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான தவறு, மாணவருக்காக நாமே முடிவெடுப்பது. களப்பயணம் அவருக்குக் கடினம் என்று இரங்கி, கேட்காமலேயே பெயரை நீக்கிவிடுவதும் விலக்கி வைப்பதுதான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற உடன்படிக்கை, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதைப் பாகுபாடு என்றே வரையறுக்கிறது. தனியே அழைத்து, “என்ன செய்தால் உங்களுக்கு வசதியாக இருக்கும்?” என்று கேட்பதே முறை. வெளியில் தெரியாத குறைபாடு உண்டு என்பதைக் குறிக்கும் சூரியகாந்திப் படமிட்ட கழுத்துப் பட்டை 2016இல் ஒரு விமான நிலையத்தில் தொடங்கி இன்று பல வளாகங்களிலும் பயன்படுகிறது. அதை அணிவது அவரவர் விருப்பம். அணியாதவருக்குக் குறைபாடு இல்லை என்று கொள்ளக் கூடாது.

பருவம் மாறும்போது ஆசிரியர்களும் மாறுகிறார்கள். சென்ற பருவத்தில் ஒப்புக்கொண்ட ஏற்பாடுகள் அத்துடன் மறைந்துபோக, மாணவர் முதலிலிருந்து விளக்கத் தொடங்குகிறார். மாணவரின் ஒப்புதலோடு அந்தப் பட்டியலைப் புதிய ஆசிரியரிடம் முதல் வகுப்புக்கு முன்பே சேர்ப்பது அலுவலகத்தின் பொறுப்பு.