பெருந்தொற்றுக் காலத்தில் வேலை, வாடகை, குடும்பம்: சட்டப்படி செய்து வைக்க வேண்டியவை

நோய் பரவத் தொடங்கிய முதல் வாரத்திலேயே முதலாளி, வீட்டு உரிமையாளர், குடும்பத் தலைவர் ஆகிய மூவருக்கும் ஒரே கேள்வி எழுகிறது: முன்பு ஒப்புக்கொண்டது இன்னும் செல்லுமா? பெரும்பாலும் செல்லும். உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று அவசரநிலையை அறிவித்ததும், மார்ச் 11 அன்று கோவிட்-19 ஐப் பெருந்தொற்று என்று குறிப்பிட்டதும் எந்த ஒப்பந்தத்தையும் தாமாக ரத்து செய்துவிடவில்லை. ஒப்பந்தத்தை மாற்றக்கூடியவை அதன் ஷரத்துகள், அந்தந்த அரசின் ஆணைகள், இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்ட புதிய உடன்பாடு ஆகியவைதான். ஆகவே உங்கள் தொழிலையோ வீட்டையோ தொடும் ஒவ்வோர் அரசாணையையும், அது நடைமுறைக்கு வந்த தேதியும் முடிந்த தேதியும் தெரியும்படி, ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். பின்னாளில் வழக்கு வந்தால், எந்த நாளில் எது தடை செய்யப்பட்டிருந்தது என்பதே பெரும்பாலும் தீர்ப்பைத் தீர்மானிக்கும்.

முதலாளிகள் செய்யும் பெரிய தவறு, வேலைக்கு வராத எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பதாகும். நோயுற்றவர், நோயுற்றவருடன் பழகியதால் தனிமைப்படுத்தப்பட்டவர், நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இல்லாதவர், அச்சத்தால் வர மறுப்பவர் ஆகிய நால்வரின் நிலையும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. முதலாமவருக்கு மருத்துவ விடுப்பு பொருந்தும். மூன்றாமவரைப் பொறுத்தவரை, ஊதியத்தை நிறுத்த ஒப்பந்தமோ சட்டமோ இடம் தருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நான்காமவரை உடனே பணிநீக்கம் செய்துவிடக் கூடாது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி விலகும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981 ஆம் ஆண்டின் 155 ஆவது உடன்படிக்கை கூறுகிறது. எனவே அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று எழுத்தில் கேளுங்கள். காற்றோட்டம், இடைவெளி, முகக்கவசம் பற்றி நீங்கள் செய்திருப்பதை எழுத்திலேயே பதிலாகக் கொடுங்கள். ஊதியக் குறைப்பு தவிர்க்க முடியாததென்றால், எவ்வளவு, எத்தனை மாதம், எந்தத் தேதியில் பழைய ஊதியம் திரும்பும் என்ற மூன்றையும் குறிப்பிட்டு ஊழியரின் சம்மதத்தைப் பெறுங்கள். முடிவுத் தேதி இல்லாத குறைப்புதான் பிற்பாடு வழக்காகிறது.

ஒருவருக்குத் தொற்று உறுதியானால் உடன் பணிபுரிபவர்களை எச்சரிப்பது கடமை. அதற்கு அவருடைய பெயர் தேவையில்லை. ‘செவ்வாய், புதன் ஆகிய நாட்களில் இரண்டாம் தளத்தில் பணியாற்றிய ஒருவருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது, அங்கே இருந்தவர்கள் பரிசோதனை செய்துகொள்ளவும்’ என்ற அளவில் அறிவிப்பு நிற்கட்டும். மருத்துவச் சான்றுகளைப் பணிக் கோப்பில் வைக்காமல் தனியே பூட்டி வையுங்கள்.

வாடகை விஷயத்தில் இரு தரப்பாரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள் உண்டு: தள்ளுபடி, தள்ளிவைப்பு. ‘இப்போது முடியாவிட்டால் பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று உரிமையாளர் சொன்னதை வாடகைதாரர் தள்ளுபடியாகவும், சொன்னவர் தள்ளிவைப்பாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல மனத்தோடு சொன்ன அந்த ஒரு வாக்கியம் பல ஆண்டுப் பழக்கத்தைக் கெடுத்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அமெரிக்காவில் 2020 செப்டம்பரில் வாடகைதாரரை வெளியேற்றுவதற்குத் தடை வந்தபோதும் வாடகைப் பாக்கி பாக்கியாகவே நின்றது. தடை நீங்கியதும் அது வசூலுக்கு வந்தது. எனவே ஒரு பக்கத்தில் இவ்வாறு எழுதிக்கொள்ளுங்கள்: ‘இந்த இரண்டு மாத வாடகையில் பாதியை உரிய தேதியிலும், மீதிப் பாதியை அதற்கடுத்த ஆறு மாதங்களில் சம தவணைகளாகவும் செலுத்த ஒப்புக்கொள்கிறோம். மீதிப் பாதிக்கு வட்டியோ அபராதமோ இல்லை. முன்பணம் இதில் கழிக்கப்படாது. மூல ஒப்பந்தத்தின் மற்ற ஷரத்துகள் அப்படியே தொடரும்.’ இருவரும் தேதியிட்டுக் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வரவில்லை என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதும், பூட்டை மாற்றுவதும் பல நாடுகளில் சட்டவிரோதம்.

கடை, அலுவலகம் போன்ற வணிக இடங்களுக்கு, தவிர்க்க முடியாத நிகழ்வுகளைப் பற்றிய ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ‘கொள்ளைநோய்’, ‘அரசு ஆணை’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா, எத்தனை நாளுக்குள் நோட்டீஸ் தர வேண்டும், பணம் செலுத்தும் கடமை அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளதா என்று வரிவரியாகப் படியுங்கள். ஷரத்து இல்லாதவர்கள் 1863 ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கொன்றை நினைவூட்டுவது வழக்கம்: வாடகைக்குப் பேசிய இசை அரங்கு நிகழ்ச்சிக்கு முன்பே எரிந்துபோனதால் ஒப்பந்தக் கடமைகளிலிருந்து இரு தரப்பும் விடுவிக்கப்பட்டன. ஆனால் சில மாதம் மூடிக் கிடந்த கடை எரிந்துபோன அரங்கு அல்ல. பல ஆண்டுக் குத்தகையில் தற்காலிக மூடல் ஒப்பந்தத்தையே அழித்துவிட்டது என்ற வாதம் எளிதில் வெற்றி பெறாது. அதை நம்பி வாடகையை நிறுத்துவதைவிடப் பேசி முடிப்பது பாதுகாப்பானது.

பிரிந்து வாழும் பெற்றோர், குழந்தை யாரிடம் எப்போது இருக்க வேண்டும் என்ற நீதிமன்ற ஆணையை நோயைக் காரணம் காட்டித் தாமாக மாற்றக் கூடாது. ஒரு வீட்டில் தொற்று வந்தால், நேரில் பார்க்கும் நாட்களுக்குப் பதிலாகக் காணொளி அழைப்பும், தவறிய நாட்களை ஈடுசெய்யும் தேதிகளும் குறுஞ்செய்தியிலாவது பதிவாகட்டும்.

முதியவர்கள் நலமாக இருக்கும்போதே இரண்டு ஆவணங்களை முடித்துவிடுங்கள். முதலாவது அதிகாரப் பத்திரம், அதாவது தம் சார்பில் செயல்பட வேறொருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம். சாதாரண அதிகாரப் பத்திரம், அதைக் கொடுத்தவர் சுயநினைவை இழந்தால் பல நாடுகளில் செல்லாது. அந்த நிலையிலும் தொடரும் வகை உங்கள் நாட்டில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இரண்டாவது உயில். இரண்டு சாட்சிகள் நேரில் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 இல் காணொளி வழிச் சாட்சியம் தற்காலிகமாக ஏற்கப்பட்டதைப் போன்ற தளர்வு எல்லா இடத்திலும் இருக்காது. சொத்தில் பங்கு பெறுபவரையோ அவருடைய கணவர் அல்லது மனைவியையோ சாட்சியாக்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றாலும், கையெழுத்திடுவதைச் சாட்சிகள் இருவரும் தெளிவாகப் பார்த்திருக்க வேண்டும். மூலப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.