புது கார் பாதி வழியில் நின்றால்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார் தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். முதலில் சேல்ஸ் தம்பிக்குப் போன் போட்டுக் கத்துவோம். "நான் சேல்ஸ் சார், சர்வீஸ்ல பேசுங்க" என்பார். அடுத்து ஊரில் தெரிந்த மெக்கானிக்கை வரச்சொல்வோம். சாயங்காலம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஷோரூம் வாசலில் போய் நிற்போம். இத்தனையும் செய்தபிறகு நம் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. புது வண்டி விஷயத்தில் தோற்றவர்கள் பெரும்பாலும் நியாயம் இல்லாமல் தோற்கவில்லை. எழுதி வாங்காமல் தோற்றார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டுவது

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு என்றால் மெதுவாக ஓட்டிப் பக்கத்து சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். ஆயில் கேன் படமோ தெர்மாமீட்டர் படமோ சிவப்பில் எரிந்தால் அங்கேயே ஓரம்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, தருமபுரி போயிடலாம்" என்று நினைத்தால் அந்தப் பத்து கிலோமீட்டர் லட்சக்கணக்கில் செலவு வைக்கும். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சினில் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே பிடித்துக்கொள்ளும். சூடு ஏறிய நிலையில் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட்டும் போய்விடும். ஆயில் பம்போடு முடிந்திருக்க வேண்டியது முழு எஞ்சினையும் காவு வாங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. எச்சரிக்கை வந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூட்டில், எந்த வேகத்தில் ஓடியது என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துக்கொள்ளும். "லைட் எரிஞ்சும் ஓட்டியிருக்கீங்க" என்று வாரன்டியை மறுக்க அந்தப் பதிவு போதும்.

தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது தொப்பூர் நீண்ட இறக்கம். எஞ்சின் அணைந்த வண்டியை நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டரின் உதவி இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும், ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். பின்னால் பாரம் ஏற்றிய லாரிகள் வரும் சாலை அது. நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, ஆட்களை இறக்கிச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள். அதன்பிறகு கார் நிறுவனத்தின் சாலையோர உதவி எண். வண்டியை ஏற்றிச்செல்ல பிளாட்பெட் லாரிதான் கேட்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால், எஞ்சின் கோளாறோடு கியர்பாக்ஸ் கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

காத்திருக்கும் நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், பாட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். டேஷ்போர்டு விளக்குகள், ஓடோமீட்டர், வண்டி நிற்கும் இடம் எல்லாம் தெரியும்படி ஒரு வீடியோ எடுங்கள். வழக்கில் முதல் சாட்சி அதுதான்.

தெரிந்த மெக்கானிக் பற்றி ஒரு வார்த்தை. பாலக்கோட்டிலும் காவேரிப்பட்டணத்திலும் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் கைகள் இருக்கின்றன. திறமையில் குறையே கிடையாது. ஆனால் வாரன்டியில் உள்ள எஞ்சினில் வெளி ஆள் ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் பழி அவர் மேல் விழும், நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும். ஒயரை வெட்டி மாட்டிய மியூசிக் சிஸ்டம், ஏர் ஹார்ன், எக்ஸ்ட்ரா லைட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவரிடம் யோசனை கேளுங்கள், பானட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பானரை மட்டும் எடுக்கவிடாதீர்கள்.

ஜாப் கார்டைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான் என்பேன். நீங்கள் "ஏத்தத்துல இழுக்கல, கியர் மாத்தும்போது டக்குன்னு உதைக்குது, ரெண்டு தடவை தானா ஆஃப் ஆயிடுச்சு" என்று பத்து நிமிடம் விளக்குவீர்கள். சர்வீஸ் அட்வைசர் தலையாட்டிக்கொண்டே "ஜெனரல் செக்கப்" என்று ஜாப் கார்டில், அதாவது வண்டியை ஒப்படைக்கும்போது குறையைப் பதியும் படிவத்தில், தட்டிவிட்டுக் கையெழுத்துக் கேட்பார். ஒரு வருடம் கழித்து அந்த இரண்டு வார்த்தைகள்தான் மிஞ்சும். உங்கள் பத்து நிமிடப் பேச்சு எங்கும் இருக்காது.

என்ன நடந்தது, எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த வேகத்தில், எந்த விளக்கு எரிந்தது என்பதை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் ஜாப் கார்டில் நீங்களே பேனாவால் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும். கையெழுத்துக்கு முன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை வண்டி உள்ளே போகும்போதும் தனி ஜாப் கார்டு வேண்டும். "சும்மா பாத்துட்டோம் சார், ஒண்ணும் இல்ல, கார்டு எதுக்கு?" என்ற பாசத்துக்கு மயங்க வேண்டாம். வெளியே வரும்போது, மாற்றிய பாகங்களின் பெயரும் எண்ணும் போட்ட பில், தொகை பூஜ்யமாக இருந்தாலும், கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? இந்தியாவில் "இத்தனை முறை கெட்டால் புது வண்டி தரவேண்டும்" என்று வரையறுத்த தனிச் சட்டம் எதுவும் இல்லை. 2006-இல் ஒரு கிளட்ச் கோளாறு வழக்கில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவது என்றுதான் வாரன்டி சொல்கிறது, அதற்காக முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தும் சரியாகவில்லை, குறை தயாரிப்பிலேயே இருக்கிறது என்று காட்ட முடிந்தவர்களுக்குத்தான் புது வண்டியோ பணமோ கிடைத்திருக்கிறது. "திரும்பத் திரும்ப" என்பதற்கு ஆதாரம் ஜாப் கார்டுகள்தான். முதல் நாளே "புது வண்டி குடு, இல்லைன்னா விடமாட்டேன்" என்று நிற்பவர்களுக்கு நியாயம் இருக்கலாம். சட்டத்தின் வழி அப்படிப் போவதில்லை.

எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள். காரணம் என்ன, எந்தெந்தப் பாகம் மாறும், பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருக்கலாமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும். வாரன்டியில் கழற்றிய பழைய பாகம் நிறுவனத்துக்கே திரும்பிப் போய்விடும். ஆகவே அது போகுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

"பெட்ரோல் சரியில்லை" என்பது சர்வீஸ் சென்டர்களின் பழைய பல்லவி. அப்படிச் சொன்னால், டேங்கிலிருந்து எடுத்த மாதிரியை உங்கள் முன்னால் சீல் வைத்து, ஆய்வக அறிக்கையோடு எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். பங்க்கில் பில் வாங்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. யுபிஐ பதிவாவது எங்கே எப்போது போட்டீர்கள் என்று காட்டும். பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் சோதனை (காகிதத்தில் விட்ட பெட்ரோல் துளி கறை விடுகிறதா என்று பார்ப்பது) கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்சூரன்ஸில் முடித்துவிடலாம் என்ற யோசனைக்குத் தலையாட்டுவது

வாரன்டியில் இழுபறியானால் யாராவது ஒருவர் காதோடு காதாகச் சொல்வார்: "கீழ கல்லு அடிச்சுதுன்னு எழுதிக் குடுங்க சார், இன்சூரன்ஸ்ல எடுத்துரலாம்." இது பொறி. மோட்டார் இன்சூரன்ஸ் இயந்திரக் கோளாறையும் மின்கோளாறையும் ஏற்காது. தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருந்தாலும் அப்படித்தான். எஞ்சினுக்கென்று தனியாக எடுக்கும் ஆட்-ஆனும் தண்ணீர் புகுவது, அடியில் அடிபட்டு ஆயில் கசிவது போன்றவற்றுக்குத்தான். முழு இன்வாய்ஸ் தொகையும் தரும் பாலிசி என்பது வண்டி திருடுபோனாலோ, சரிசெய்ய முடியாத அளவு நொறுங்கினாலோ மட்டும்.

அதைவிட மோசம், "கல் அடித்தது" என்று நீங்களே எழுதிக் கொடுத்தபின் அது தயாரிப்புக் குறை என்று எந்த நுகர்வோர் ஆணையத்தின் முன்னும் வாதாட முடியாது. பொய் க்ளெய்ம் போட்டதும் உங்கள் கணக்கில் ஏறும்.

இதேபோல் இன்னொரு பொறியும் உண்டு. "எக்ஸ்டெண்டட் வாரன்டி இலவசம், இரண்டு சர்வீஸ் இலவசம்" என்று நல்ல மனதோடு ஒரு காகிதம் நீட்டுவார்கள். அதில் "எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், அல்லது வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு பேரிடம் கேளுங்கள்.

எஞ்சின் பிளாக்கையே மாற்றினால் எஞ்சின் எண்ணும் மாறும். டி.என். 29, 24, 70 எந்தப் பதிவானாலும், புது எண்ணை ஆர்.டி.ஓ அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்றி, இன்சூரன்ஸ் பாலிசியிலும் திருத்த வேண்டும். அதற்கான கடிதத்தையும் பில்லையும் டீலரிடம் அன்றே வாங்கிவிடுங்கள். விட்டுவிட்டால் வண்டியை விற்கும்போதோ விபத்துக் க்ளெய்மின்போதோ எண் பொருந்தாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்துகிறவர்களும் உண்டு. கடன் வங்கிக்கும் உங்களுக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். வண்டி ஓடினாலும் நின்றாலும் தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழும், வண்டியையும் தூக்குவார்கள்.

சரிசெய்த வண்டியை வாங்க மாட்டேன் என்று ஷோரூமிலேயே விட்டுவிடுவது வீரமாகத் தெரியும். மழையிலும் வெயிலிலும் அது மட்கும், நிறுத்தக் கட்டணம் கேட்டு நோட்டீசும் வரலாம். மறுபக்கம், எதுவும் எழுதாமல் வாங்கிக்கொண்டு ஒகேனக்கல், பெங்களூரு என்று முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டால், "இவ்வளவு ஓடிய வண்டியில் என்ன குறை?" என்று ஓடோமீட்டரே உங்களுக்கு எதிராகப் பேசும். "குறை தீர்ந்ததாக நான் ஏற்கவில்லை, எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கேட் பாஸில் ஒரு வரி எழுதிவிட்டு எடுங்கள்.

ஆணையத்துக்குப் போகும்போது

ஓசூர்ப் பக்கத்துக்காரர்கள் பலர் பெங்களூருவில் விலை பார்த்து வாங்குகிறார்கள், தருமபுரிக்காரர்கள் சேலத்தில். புக்கிங் படிவத்தில் "வழக்குகள் இந்த ஊர் நீதிமன்றத்தில் மட்டும்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் வழக்கே போடாதவர்கள் உண்டு. பயம் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலைசெய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து எண் வாங்குங்கள். சில நேரம் அதிலேயே விஷயம் நகர்ந்துவிடும்.

கெடு இரண்டு ஆண்டு. "கம்பெனி இன்ஜினியர் அடுத்த மாசம் வர்றார்" என்று சொல்லியே அந்த இரண்டு ஆண்டையும் கரைக்க முடியும்.

டீலரை மட்டும் சேர்த்தால், தயாரிப்புக் குறைக்கு நான் பொறுப்பல்ல என்பார். நிறுவனத்தை மட்டும் சேர்த்தால், சர்வீஸ் செய்த டீலருடைய தவறு என்பார்கள். டீலரும் தயாரிப்பாளரும் தனித்தனி வியாபாரிகள், ஒருவர் தவறு தானாக மற்றவர் தலையில் ஏறாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

வண்டியை கிரானைட் கம்பெனி பெயரிலோ மாங்கூழ் ஆலை பெயரிலோ வாங்கியிருந்தால், "வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல" என்ற தடையை முதலில் தாண்ட வேண்டும். வரிக் கணக்குக்காகக் கம்பெனி பெயரில் எடுப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டும் ஒற்றை டாக்ஸி என்றால் சட்டம் உங்களை நுகர்வோராகவே பார்க்கும்.

தயாரிப்புக் குறை இருக்கிறது என்று நீங்கள் சொல்வதாலேயே ஆணையம் ஒப்புக்கொள்ளாது. நிபுணர் அறிக்கை வேண்டும். பரிசோதனைக்கு உத்தரவிடும்படி புகாரோடு சேர்த்தே மனு கொடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரையோ பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியரையோ கேட்கலாம்; பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. இதைச் செய்யாமல் வெறும் போட்டோக்களோடு போய்த் தோற்றவர்கள் அதிகம். அறிக்கை வரும்வரை வண்டியை விற்கவும் கூடாது. வண்டி கைமாறிய பிறகு சோதிக்க எதுவும் இருக்காது, விற்றவர் நுகர்வோரே அல்ல என்று தேசிய ஆணையம் தள்ளிய வழக்குகளும் உண்டு.