பியானோ கட்டைகள்: துடைக்கப்போய்க் கெடுக்காமல் இருக்க

பியானோ கட்டைகளை அழுக்கைவிட அதிகம் கெடுப்பது தண்ணீர்தான். பளபளவென்று தெரிவது மேலே ஒட்டிய மெல்லிய தகடு. அதற்குக் கீழே முழுக்க மரம். ஒவ்வொரு கட்டையும் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு உலோக ஊசிகளில் அமர்ந்திருக்கும். ஊசி நுழையும் துளையின் இரு பக்கமும் ஃபெல்ட் என்ற கம்பளித் துணியை ஒட்டியிருப்பார்கள். அங்கே ஈரம் இறங்கினால் ஃபெல்ட் உப்பி ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அழுத்திய கட்டை மேலே வராது. அதனால்தான் எந்தத் திரவத்தையும் கட்டைமேல் நேராக ஸ்பிரே செய்யவே கூடாது.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு போதும். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, எவ்வளவு முறுக்கினாலும் சொட்டு விழாத அளவுக்குப் பிழியுங்கள். அதற்கு முன் மென்மையான பிரஷால் தூசியைத் தட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் தூசியே உப்புத்தாள் போலக் கீறும்.

பலரும் மேசையைத் துடைப்பதுபோல இடவலமாகத் துடைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அழுக்கும் ஈரமும் கட்டைகளின் இடுக்கில்தான் போய்ச் சேரும். பின்னாலிருந்து உங்களை நோக்கி, ஒவ்வொரு கட்டையாக இழுத்துத் துடையுங்கள். ஓர் ஆக்டேவ் (கருப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டைகள்) முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 88 கட்டைகளையும் நனைத்துவிட்டு, பிறகு சேர்த்துத் துடைக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். கருப்புக் கட்டைகளுக்குத் தனித் துணி வேண்டும். பழைய பியானோக்களில் சாயம் ஏற்றிய மரமாக இருந்தால், அந்தச் சாயம் வெள்ளைக் கட்டையில் ஏறிவிடும்.

சானிடைசர், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் வேண்டாம். பிளாஸ்டிக் தகட்டில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும், பளபளப்பு மங்கும். வாசிக்குமுன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டால் சானிடைசருக்கு வேலையே இல்லை.

பழைய பியானோ என்றால் கட்டை தந்தமா என்று முதலில் பாருங்கள். தந்தத்தில் கருப்புக் கட்டையின் முனை வரும் இடத்தில் குறுக்கே மெல்லிய ஒட்டுக்கோடு தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மரம்போல வரியோடும். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் சட்டென்று தீப்பிடிக்கும். தந்தம் ஈரத்தை உறிஞ்சும், அடியிலுள்ள பசையும் விட்டுப்போகும். துணி இன்னும் உலர்வாக இருக்கட்டும். மஞ்சளை எடுக்க டூத்பேஸ்ட், எலுமிச்சை எதுவும் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் மேற்பரப்பும் சேர்ந்து போகும், திரும்ப வராது. மஞ்சள் நிறத்தால் ஒலிக்கு ஒரு குறையும் இல்லை. தந்தம் இருட்டில்தான் அதிகம் மஞ்சளாகும் என்பதால், பகலில் நேரடி வெயில் படாமல் மூடியைச் சற்று நேரம் திறந்து வைக்கலாம்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் கட்டை சிக்கினால் பெரும்பாலும் காற்றின் ஈரம்தான் காரணம். எண்ணெயோ டபிள்யூடி-40யோ விடாதீர்கள். ஃபெல்ட் அதைக் குடித்துத் தூசியைப் பிடித்துவைக்கும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் வந்தும் சிக்கினால் டியூனரை (பியானோவுக்குச் சுருதி சேர்த்துப் பழுதுபார்ப்பவரை) கூப்பிடுங்கள்.

டிஜிட்டல் பியானோவில் பிளக்கைப் பிடுங்கிய பிறகே துணியை எடுங்கள். கட்டைகளுக்கு அடியிலுள்ள ரப்பர் கான்டாக்டில் திரவம் போனால் அந்தச் சுரம் ஒலிக்காது, அல்லது மெல்லத் தொட்டாலும் உரக்கக் கத்தும்.

தந்தத் துண்டு ஏதாவது பெயர்ந்து வந்தால் ஃபெவிக்விக்கை எடுக்க வேண்டாம். தந்தம் சற்றே ஒளி ஊடுருவக்கூடியது. அடியிலுள்ள பசையின் கறை மேலே தெரியும். துண்டை ஒரு கவரில் போட்டு, இடமிருந்து எத்தனையாவது கட்டை என்று மேலே எழுதி, டியூனர் வரும்வரை பத்திரமாக வையுங்கள்.