சாலைப் பராமரிப்பு வண்டிகளில் பயோடீசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2005 முதல் டீசலில் பயோடீசல் (தாவர எண்ணெய் அல்லது விலங்குக் கொழுப்பிலிருந்து செய்யும் எரிபொருள்) கலந்துதான் விற்க வேண்டும் என்பது சட்டம். அப்போது 2%. இப்போது கோடையில் 20%, குளிர்காலத்தில் 5%. சோயா பயோடீசல் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே மங்கி, மெழுகு கட்ட ஆரம்பித்துவிடும் என்பதால்தான் குளிரில் இந்தக் குறைப்பு.

கோடைச் சரக்கு டேங்கில் மிச்சமிருக்கவே குளிர்காலத்துக்குள் போவது பலரும் செய்யும் தவறு. அதைவிடப் பெரிய தவறு, வண்டியை அப்படியே நிறுத்திவைப்பது. பனி தள்ளும் லாரி கோடை முழுக்கச் சும்மா நிற்கும். சாலையில் கோடு போடும் வண்டி குளிர்காலம் முழுக்க நிற்கும். பயோடீசலோ காற்று பட்டால் சீக்கிரம் கெடும், அமிலமாகும், பிசினாகும். டீசலைவிட ஈரத்தையும் அதிகம் இழுக்கும். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். நீரும் எண்ணெயும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வழுவழுப்பான படலம் படியும். ஆகவே ஓய்வுக்கு அனுப்பும் முன் கலப்பு குறைந்த எரிபொருளை நிரப்பி, கொஞ்ச நேரம் ஓட்டி, டேங்கை முழுதாக வைத்து நிறுத்துங்கள். அடிநீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும்.

அடுத்தது அவசர முடிவு. பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டேங்கில் படிந்த கசடையெல்லாம் கரைத்துக் கிளப்பிவிடும். முதல் சில வாரங்களில் பில்டரைக் கழற்றினால் கரும்பழுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கும். உடனே "இந்த எண்ணெயே சரியில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அது பழைய அழுக்கு. கூடுதல் பில்டர்களைக் கையில் வைத்திருங்கள். கசடு தீர்ந்ததும் அடைப்பு குறையும்.

ஆனால் எல்லா அடைப்புக்கும் அழுக்கைக் காரணம் சொல்லிவிடவும் முடியாது. 2005 டிசம்பரில் மினசோட்டாவில் லாரிகளின் பில்டர்கள் அடைத்து, சட்டத்தையே தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். பயோடீசல் தயாரிக்கும்போது துணைப்பொருளாக வரும் கிளிசரின், தர அளவை மீறிக் கலந்த சரக்கு புழக்கத்துக்கு வந்திருந்தது. பயோடீசல் லோடு இறக்கும் முன் ஏஎஸ்டிஎம் டி6751 (பயோடீசலுக்கான அமெரிக்கத் தர அளவு) சான்றைக் கேட்டு வாங்குவது கட்டாயம்.

கலப்பதிலும் கவனம் வேண்டும். பயோடீசல் டீசலைவிடக் கனமானது. குளிரில் டேங்கில் நேரடியாக ஊற்றினால் கலக்காமல் அடியில் தங்கிவிடும். அப்புறம், பழைய கிரேடர் (சாலையைச் சமன்படுத்தும் வண்டி), ரோலர்களில் இருக்கும் இயற்கை ரப்பர், நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) ஹோஸ்கள் 100% பயோடீசலில் உப்பி, இளகிக் கசியும். 20% வரை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் போவதானால் முதலில் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள்.