பேச்சு தாமதமாகும் குழந்தையின் வீட்டாருக்குத் துணை நிற்பது எப்படி?

குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்று ஒரு தாய் உங்களிடம் சொல்வதற்குள் நாலு பேர் அவரிடம் நாலு விதமாகப் பேசியிருப்பார்கள். "நீ சரியாப் பேச்சுக் கொடுக்கல" என்பார் ஒருவர். "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்" என்பார் இன்னொருவர். முன்னது குற்றவுணர்ச்சியை ஏற்றும், பின்னது மாதக்கணக்கில் காலத்தை விழுங்கும். எனவே எடுத்ததும் ஆலோசனை சொல்லாதீர்கள். வேண்டியதைக் குழந்தை எப்படிக் கேட்கிறது என்று விசாரியுங்கள். கையைப் பிடித்து இழுக்கிறதா, சுட்டிக் காட்டுகிறதா, அழுகிறதா? வீட்டில் விளையாடும்போது மொபைலில் இரண்டு நிமிட வீடியோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். புது இடத்தில் வாயே திறக்காத குழந்தைகள் உண்டு. அப்போது பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்டுக்கு அந்த வீடியோதான் உதவும்.

அடுத்து காது. "கூப்பிட்டாத் திரும்புதே" என்பதை வைத்து முடிவு கட்ட முடியாது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் கதவு அறைவது கேட்கும், மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். அதுவும் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. கேட்கும் திறனைப் பிறந்த குழந்தைக்கே சோதிக்கலாம், ஆகவே வயது போதாது என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு வயதில் மழலை ஒலியோ சுட்டிக்காட்டலோ இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் பொறுத்திருக்காமல் தெரபிஸ்டிடம் அனுப்புங்கள். வந்த சொற்கள் மறைந்தால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி வீட்டுப் பயிற்சி. பத்துப் பக்கப் பட்டியல் கொடுத்தால் அது அலமாரிக்குத்தான் போகும். ஒரே ஒரு பழக்கத்தை, தினமும் எப்படியும் நடக்கிற ஒரே ஒரு வேலையோடு இணைத்துவிடுங்கள். குளியலையே எடுத்துக்கொள்வோம். "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று கேட்பது பரீட்சை, பேச வருவதும் நின்றுபோகும். அதற்குப் பதிலாக "தண்ணி" என்று சொல்லிக்கொண்டே ஒரு மக் ஊற்றுங்கள். அடுத்த மக்கைத் தூக்கிப் பிடித்தபடி, குழந்தையின் முகத்தைப் பார்த்து மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பார்வை, சத்தம், கையசைவு, எது வந்தாலும் பதில்தான், ஊற்றிவிடுங்கள். "தண்ணி" என்றே சொன்னால், நீங்கள் "தண்ணி ஊத்து" என்று ஒரு சொல் மட்டும் கூட்டுங்கள்.

இது பெரும்பாலும் இரண்டு இடத்தில் சறுக்கும். மூன்று எண்ணுவதற்குள் பெரியவர்களே பேசிவிடுவார்கள். பத்து என்பது பழகும்வரை ரொம்ப நீளம். இன்னொன்று, "சொன்னாத்தான் ஊத்துவேன்" என்ற பிடிவாதம். அப்புறம் குழந்தை குளிக்கவே வராது. பத்து எண்ணியும் ஒன்றும் வராவிட்டால் சொல்லைச் சொல்லி ஊற்றுங்கள்.

ஒலி மாறிப் பேசும் குழந்தைகள் உண்டு. பறக்கும் காக்காவைக் காட்டி "தாத்தா" என்று சொல்லும், வீடே சிரிக்கும். நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டிய இடத்தில் நுனி எழும்புவதால் 'க' அங்கே 'த' ஆகிறது. "தப்பு, திருப்பிச் சொல்லு" வேண்டாம். "ஆமா, காக்கா! காக்கா பறக்குது" என்று சரியான ஒலியை இரண்டு தடவை காதில் போட்டால் போதும். திக்கும் குழந்தையிடம் "மெதுவாப் பேசு, மூச்சு விட்டுப் பேசு" என்பதும் வேண்டாம். நீங்கள் நிதானமாகப் பேசி, அது முடிக்கும்வரை காத்திருங்கள்.

வீட்டு மொழியை நிறுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. படஅட்டையும் சைகையும் பேச்சைத் தடுக்காது. மாறாக, சொல்ல முடியாமல் தவிப்பதைக் குறைக்கும்.

முந்திக்கொண்டு பதில் சொல்லும் அக்காவையோ பாட்டியையோ திட்ட வேண்டாம். எண்ணும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், விரல் விட்டு எண்ணும்போது வாய் சும்மா இருக்கும். இரண்டு வாரம் கழித்து, எத்தனை நாள் செய்ய முடிந்தது என்று கேளுங்கள். வாரத்துக்கு நாலு நாள் நடந்திருந்தாலே நல்ல சேதி. ஒருநாளும் நடக்கவில்லையா? குளியலை விட்டுவிட்டு, சட்டை மாட்டும் நேரத்துக்கு அதே பழக்கத்தை மாற்றிப் பாருங்கள்.